சந்திரவிலாஸ் பால்கனி

ஸ்ரீரங்கம்
4 பிப்ரவரி 2024

சௌபாக்கியவதி கோதைக்கு அண்ணா சக்ரபாணியின் அநேக ஆசீர்வாதங்கள். இங்கே நானும் உன் மன்னியும் க்ஷேமம். போபாலில் உன் க்ஷேமத்தையும் மாப்பிள்ளையின் க்ஷேமத்தையும் எழுது. போனில் கேட்கலாம் என்றால் உனக்குக் காது கேட்பதில்லை, எனக்குக் கத்த வருவதில்லை.

எழுத உட்கார்ந்தால் முக்கியமானதை விட்டுவிடுவது என் வழக்கம். ஆகவே முதலில் வரிசை.

1. சந்திரவிலாஸ் தியேட்டரை வாங்கியிருப்பவர்.
2. அவர் என்னிடம் கேட்டது.
3. அப்பாவின் பால்கனி.
4. நீ செய்ய வேண்டிய உதவி.

காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் அந்தத் தியேட்டர் இருபது வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. வெங்காய மண்டிக்காரர்கள் கீழ்த்தளத்தைக் கிடங்காக வைத்திருந்தார்கள். இப்போது மரக்கடையில் பிளைவுட் வியாபாரம் செய்யும் சேக் மைதீன் என்பவர் வாங்கியிருக்கிறார். இடிக்காமல், பழைய அழகு கெடாமல் புதுப்பித்துப் படம் ஓட்டப்போகிறாராம். கல்யாண மண்டபம் கட்டச் சொல்லி எல்லாரும் அவரைப் பிய்த்து எடுக்கிறார்கள். "எங்கம்மா வாரம் தவறாம வந்து உக்காந்து அழுத எடம் சார் இது. மண்டபம் கட்ட ஊர்ல எடமா இல்ல?" என்கிறார்.

கட்டடத்தின் சரித்திரத்தை எழுதித் தரச் சொல்லி என்னைத் தேடி வந்தார். உறையூர்ச் சுருட்டு வியாபாரி ஒருவர் கட்டியது, சுதந்திரத்துக்குச் சில வருஷம் பின்னால் திறந்தது என்பதெல்லாம் சொன்னேன். கட்டும்போது மேற்பார்வை பார்த்த ஓவர்சியர் சடகோபன் என் அப்பா என்று சொன்னதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பால்கனி வாசலில் அப்பாவின் பெயரைக் கல்லில் வெட்டி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பால்கனி உனக்கு நினைவிருக்கும். பிறை போல வளைந்து, நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். விளிம்பில் சுதையால் தாமரைச் சரம். படம் தொடங்குமுன் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு அந்த விளிம்புக்குள் மறைத்த விளக்குகளை மட்டும் எரியவிடுவார்கள். கூட்டம் மொத்தமும் "ஆ" என்னும்.

கோதை, நான் முசிறிப் பக்கம் மதகுகளும் சிறு பாலங்களும் கட்டி ஓய்வு பெற்ற இன்ஜினியர். அவற்றில் பாதியை ரோட்டை அகலப்படுத்தும்போது எடுத்துவிட்டார்கள். நம் குடும்பத்தார் கட்டியதென்று நிற்பது அந்தப் பால்கனி ஒன்றுதான். அது நிற்க வேண்டும், அதில் அப்பா பெயர் இருக்க வேண்டும். இந்த வயதில் வேறு ஆசை எனக்கு இல்லை.

அப்பா கடைசி மாதங்களில் உன்னிடம்தான் அதிகம் பேசினார். தியேட்டர் கட்டிய நாட்களைப் பற்றி என்ன சொன்னார் என்று எழுது.

உன் நலத்தையே வேண்டும்
சக்ரபாணி

*

போபால்
20 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணாவுக்குக் கோதையின் நமஸ்காரம். பெருமாள் கிருபையில் இங்கே சௌக்கியம். இவருக்கு முழங்கால் வலி, எனக்கு இவர். மன்னிக்குச் சர்க்கரை இப்போது எப்படி இருக்கிறது? கால் விரல்களைத் தினமும் பார்த்துக்கொள்ளச் சொல்.

சந்திரவிலாஸை எப்படி மறப்பேன்? இடைவேளையில் நீ கோலி சோடாவைச் சட்டையில் கொட்டிக்கொண்டு, அம்மாவிடம் மழை என்று சொன்னாய். சித்திரை மாதத்தில்! அப்பா கட்டின தியேட்டரில் நமக்கு எப்போதும் திரைக்குக் கீழே பெஞ்சு டிக்கெட்தான். அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொள்ளும். கதாநாயகியின் மூக்கு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

அப்பா கட்டட வேலை பற்றிச் சொன்னது எதுவும் பெரிதாக ஞாபகம் இல்லை. கல்லில் பெயரெல்லாம் எதற்கு அண்ணா? அப்பாவுக்கு அந்த மாதிரி ஆடம்பரம் பிடிக்காது. வேண்டாம் என்று சொல்லிவிடேன்.

இங்கே இன்னும் குளிர் விடவில்லை. நீ தலைக்குத் துண்டு கட்டிக்கொள்.

கோதை

*

ஸ்ரீரங்கம்
3 மார்ச் 2024

சௌ. கோதைக்கு ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்துச் சந்தோஷம். உன் மன்னியின் கால் விரல்கள் நலம்.

கல் வேண்டாம் என்று நீ எழுதியதை யோசித்தேன். அப்பாவின் அடக்கம் எனக்கும் தெரியும். ஆனால் அவர் போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அடக்கமாக இருந்தவர்களை ஊர் சுத்தமாக மறந்துவிடுகிறது.

போன வாரம் உள்ளே போய்ப் பார்த்தேன். தரை முழுக்க வெங்காயச் சருகு. புறா எச்சம். கூரை ஓட்டை வழியாகப் பல மழைக்காலத்துத் தண்ணீர் பால்கனி மேலேயே இறங்கியிருக்கிறது. சேக் மைதீன் கட்டட வலிமை பார்க்க ஜெபராஜ் என்ற இன்ஜினியரை வைத்திருக்கிறார். நல்ல பையன், பையன் என்கிறேன், ஐம்பது வயதிருக்கும். கருவி வைத்துப் பார்த்தார். உள்ளே கம்பி இருப்பது தெரிகிறது, அந்தக் கனத்த சுதைக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது சரியாகப் பிடிபடவில்லை. பழைய வரைபடம் எதுவும் இல்லை. "ஆரம்பத்துலயே தாராளமா கம்பி போட்டிருந்தா இவ்ளோ தண்ணி குடிச்சும் நிக்கும் சார். கம்மியா போட்டிருந்தா இத்தனை நாள் நின்னதே அதிர்ஷ்டம்" என்றார்.

அப்பாவின் கை சுத்தம் பற்றி அவரிடம் சொன்னேன். தான் கட்டிய தியேட்டரிலேயே பெஞ்சு டிக்கெட் வாங்கிய சிக்கனத்தைக்கூடச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து, சரியாகத்தான் சொன்னேனா என்று உன் மன்னியிடம் கேட்டேன். "கேஸை மூடினேனான்னு எழுந்து எழுந்து போய்ப் பாக்கறவர் ஊருக்கே நல்லது கெட்டது சொல்லக் கிளம்பிட்டேளா?" என்றாள்.

உனக்கு ஏதாவது நினைவு வந்தால் உடனே எழுது.

அன்புடன்
சக்ரபாணி

*

போபால்
28 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கண்ணில் கொஞ்சம் உறுத்தல். டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். இவர் சௌக்கியம்.

எழுத ஒன்றும் விசேஷம் இல்லை. வெயில் தாங்கவில்லை. மன்னியை மாவடு போடச் சொல், யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்பு.

அண்ணா, நீ அந்தப் பால்கனி மேல் ஏற வேண்டாம். கீழேயும் போய் நிற்காதே. வயசாச்சு.

கோதை

*

ஸ்ரீரங்கம்
7 மே 2024

சௌ. கோதைக்கு ஆசீர்வாதம். கண் உறுத்தல் குறைந்ததா? சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள்.

வயசானவன் பால்கனி மேல் ஏறக்கூடாது என்பது சரி. கீழே நிற்கக்கூடாது என்பதற்கும் வயசுக்கும் என்ன சம்பந்தம்? உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என்னிடம் எதையோ சொல்லாமல் வைத்திருக்கிறாய்.

நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஜூன் மாதத்தில் பாரச் சோதனை வைத்திருக்கிறார்கள். மார்க்கெட் சுமைக்காரர்கள் மணல் மூட்டைகளைப் பால்கனி மேல் கொண்டுபோய் அடுக்குவார்கள். ஜெபராஜின் ஆட்கள் கீழே உட்கார்ந்து அது எவ்வளவு தாழ்கிறது, மூட்டைகளை எடுத்ததும் எவ்வளவு திரும்புகிறது என்று அளப்பார்கள். முட்டுக் கொடுத்துத்தான் செய்வார்கள் என்றாலும் மேலும் கீழும் ஆட்கள் இருப்பார்கள். அதில் தேறினால் பால்கனி பிழைத்தது, அப்பா பெயரும் பிழைத்தது. கல் வெட்டக் கொடுத்தாகிவிட்டது.

ஜெபராஜ் என்னிடம், "கட்டுனவரோட பையன் நீங்க. கட்டும்போது என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சதை எழுதிக் குடுங்க, அதை வச்சுத்தான் மூட்டை ஏத்துறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவேன்" என்றார். தெரிந்தது என்று எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. உன்னிடம் இருக்கிறதா?

பதிலை எதிர்பார்க்கும்
சக்ரபாணி

*

போபால்
20 மே 2024

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம். கண் தேவலை.

இதை உனக்குச் சொல்லக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். "சக்ரபாணிக்குத் தெரிஞ்சா அவனும் இதையே நெனச்சுண்டு உருகிப்போயிடுவான்" என்றாள். சுமைக்காரர்கள் என்று நீ எழுதியபிறகு என்னால் முடியவில்லை.

கடைசி வருஷம் நான் பிரசவத்துக்கு வந்திருந்தேன். ஒருநாள் அப்பா, "சந்திரவிலாஸ்ல இன்னும் படம் ஓடறதா? கூட்டம் வரதா?" என்று கேட்டார். பால்கனி வழிகிறது என்றேன், சந்தோஷப்படுவார் என்று நினைத்து. அப்பா குழந்தை மாதிரி அழுதார், அண்ணா. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கான்கிரீட் போட்ட அன்னிக்குக் கம்பியெல்லாம் சரியா இருக்கான்னு பாத்தேனா இல்லையான்னு எனக்கு ஞாபகம் இல்லை கோதை. பாத்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். அது மட்டும் ஞாபகம் இருக்கு. அதுக்குக் கீழே நம்மாத்துக் குழந்தைகள் உக்காராம பாத்துண்டேன். மத்தவா குழந்தைகளுக்கு என்ன பண்ணினேன்?"

நமக்குப் பெஞ்சு டிக்கெட் வாங்கியது சிக்கனத்தால் இல்லை. நம் தலைக்கு மேல் பால்கனி இருக்கக்கூடாது என்றுதான்.

நீ உருகிப்போகாதே. சாப்பிடு, தூங்கு. மன்னியிடமும் சொல்ல வேண்டாம்.

கோதை

*

ஸ்ரீரங்கம்
4 ஜூன் 2024

சௌ. கோதைக்கு ஆசீர்வாதம். இங்கே க்ஷேமம் என்றே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த பிறகு இரண்டு தடவை தியேட்டர் வாசல் வரை பஸ்ஸில் போய், உள்ளே போகாமல் திரும்பி வந்தேன். மூன்றாம் தடவை ஜெபராஜிடம் அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். மூன்று குறிப்புகள். ஒன்று, கட்டிய காலத்தில் கம்பியும் சிமெண்டும் அரசாங்கக் கட்டுப்பாட்டில் இருந்தன, கிடைப்பது அரிது. இரண்டு, பல மழைக்காலங்களாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மூன்று, மேற்பார்வை செய்தவரே அந்தப் பால்கனியை நம்பவில்லை. தன் குடும்பத்தை அதன் கீழ் உட்காரவிட்டதில்லை. ஆகவே அதன் மேல் பாரம் ஏற்றிச் சோதிப்பது ஆட்களுக்கு ஆபத்து.

ஜெபராஜ் மூன்றாவதை நிதானமாகப் படித்தார். "உங்க அப்பா பத்தி நீங்களே எழுதியிருக்கீங்க. இதுக்கு மேல நான் மூட்டை ஏத்துனா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க" என்றார். சேக் மைதீன், "படம் பாக்க வர்றவன் உசுரோட வீட்டுக்குப் போகணும் சார். எடுத்துருவோம். இரும்புல புதுசா போட்டுக்கலாம்" என்றார்.

கல் வந்துவிட்டது. எழுத்துகள் நன்றாக வெட்டியிருக்கிறார்கள். சுவர் பக்கம் திருப்பிச் சாய்த்து வைத்திருக்கிறார்கள்.

செய்தது சரி என்றே நினைக்கிறேன். அந்த ஆட்களில் ஒருவர் விழுந்திருந்தால் என்ன செய்வேன்?

சக்ரபாணி

*

போபால்
19 ஜூன் 2024

அண்ணாவுக்கு நமஸ்காரம். உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் வருகிறது.

நான் உன்னிடம் சொன்னேன். ஜெபராஜிடம் சொல்லவில்லை. ஒரு கிழவர் படுக்கையில் அழுததை அறிக்கையில் குறிப்பாகப் போடுவாயா? அத்தனை வருஷம் ஜனங்கள் அங்கே நெருக்கியடித்து உட்கார்ந்தார்களே, அது ஒரு குறிப்பாகத் தோன்றவில்லையா உனக்கு?

இவர் சொல்கிறார், ஆட்களே இல்லாமல், தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்பிக்கூடச் சோதிக்கலாமாம். கேட்டுப் பார். அவசரப்படாதே. தந்தி இருந்தால் தந்தி கொடுத்திருப்பேன்.

கோதை

*

ஸ்ரீரங்கம்
28 ஜூலை 2024

சௌ. கோதைக்கு ஆசீர்வாதம். உன் கடிதம் வந்து சேர்ந்தபோது சாரம் கட்டி வேலையைத் தொடங்கிவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டி நல்ல யோசனை. எனக்குத் தோன்றவில்லை.

சுதைத் தாமரைகளைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள். வேலை மெதுவாக நடக்கிறது. ஆடிப்பெருக்குக்குக் காவிரியில் தண்ணீர் வரும் என்கிறார்கள். உன் மன்னி நலம்.

வேறு விசேஷம் இல்லை.

சக்ரபாணி

*

போபால்
14 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம். போன கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. எனக்கும் தூக்கம் இல்லை. அம்மாவிடம் செய்த சத்தியத்தைக் காப்பாற்றியிருந்தால் அப்பாவின் பால்கனி நின்றிருக்கும். என் கடிதம்தான் அதை உடைத்தது.

உன் கடிதத்தை இவர் படித்துவிட்டு ஒன்று கேட்டார். "பலம் இல்லாததுன்னுதானே எடுக்கறா? அது ஏன் மெதுவா உடையறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

கோதை

*

ஸ்ரீரங்கம்
9 அக்டோபர் 2024

சௌ. கோதைக்கு அண்ணாவின் ஆசீர்வாதம். இத்தனை நாள் பதில் எழுதாததற்கு உடம்பு காரணமல்ல. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

மாப்பிள்ளை கேட்டது சரியான கேள்வி. ஜூலையிலேயே எனக்குப் பதில் தெரியும்.

இடிக்க வந்த மேஸ்திரி மருதை. தாமரைகளை எடுத்தபின் கான்கிரீட்டை உடைக்கத் தொடங்கிய முதல்நாளே பிரேக்கர் மிஷினின் உளி முனை ஒடிந்தது. வேறு மாட்டினார்கள், அதுவும் ஒடிந்தது. மருதை சாரத்தில் இருந்தபடியே கீழே பார்த்து, "ஊர்ல ஆடிக்கிட்டுக் கெடக்குற பாலத்தையெல்லாம் விட்டுட்டு இதப் போயி இடிக்கச் சொன்ன மகராசன் யாருங்க?" என்று கத்தினார். ஆட்கள் சிரித்தார்கள். கீழே நின்றிருந்தது நான்தான். உனக்கு "மெதுவாக நடக்கிறது" என்று எழுதியது அன்று சாயந்திரம்.

கான்கிரீட் உதிர்ந்தபிறகு கம்பி தெரிந்தது. ஜெபராஜ் என்னைக் கைபிடித்து மேலே கூட்டிப்போனார். இந்த மாதிரி பால்கனிக்கு வழக்கமாக இருக்க வேண்டிய கம்பி ஒரு வரிசை. அதன் இடைவெளிகளில் இன்னொரு வரிசை. இரண்டாவதைச் சேர்த்துக் கட்டிய மெல்லிய கட்டுக்கம்பி வேறு மாதிரி. முதல் வரிசையைக் கட்டி முடித்த பிறகு, யாரோ திரும்பி வந்து, போதாது என்று நினைத்துச் சேர்த்திருக்கிறார்கள். மேல் தோலில் மட்டும் துரு. உள்ளே புதுக் கம்பிக்குரிய நீல நிறம்கூடப் போகவில்லை. "ரெண்டு பால்கனிக்குப் போடுற கம்பி சார். இது இன்னும் நம்ம பேரன் காலத்துக்கு நின்னிருக்கும்" என்றார் ஜெபராஜ். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கூரையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

அந்தக் காலத்தில் அவ்வளவு கம்பியை அப்பா எங்கிருந்து வாங்கினார் என்று எனக்குத் தெரியவில்லை. கான்கிரீட் போடுவதற்கு முன் பார்த்திருக்கிறார். மறுபடி பார்த்திருக்கிறார். சந்தேகம் தீராமல் இன்னொரு வரிசை கட்டவைத்திருக்கிறார். எத்தனை தடவை பார்த்தாலும் பார்த்தோமா என்று தெரியாமல் போகும் மனசு எப்படிப்பட்டது என்பது எனக்குத் தெரியாததல்ல. உன் கடிதம் கையில் இருந்தபோது அது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

அப்போதும் வேலையை நிறுத்தியிருக்கலாமா என்று கேட்பாய். ஒரு பக்கம் வெட்டியாகிவிட்டது. பிறையைப் பாதியில் ஒட்ட முடியாது என்றார்கள்.

சேக் மைதீன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "நாலு பேரு உசுரை நெனச்சுத்தானே எழுதுனீங்க" என்றார். கோபித்திருந்தால் வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன். புது இரும்புப் பால்கனி வாசலில் கல்லை வைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அது அப்பா கட்டியது அல்ல.

இனி நீ எழுதியதற்கு வருகிறேன். உன் கடிதம் உடைத்தது என்று எழுதியிருக்கிறாய். அதை நீ இன்றோடு விட்டுவிட வேண்டும். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். அவர் சொன்னதை ஓர் எழுத்து கூட்டாமல் குறைக்காமல் நீ எழுதினாய். அவர் பால்கனியைப் பற்றிக் குறை ஒன்றும் சொல்லவே இல்லை. தன்னைப் பற்றித்தான் சொன்னார். அதைப் பால்கனியின் குறை என்று எடுத்துக்கொண்டது நான். தண்ணீரையும் துருவையும் கணக்குப் பார்த்த இன்ஜினியரான நானே, ஒரு பயந்த மனுஷர் அழுததைக் கட்டடத்தின் பலவீனத்துக்குச் சாட்சியாக வைத்துவிட்டேன்.

புதுப்பித்த வேலையைப் பற்றிய புத்தகத்தில் என் அறிக்கையையும் சேர்க்கப்போகிறார்களாம். அது அப்படியே அச்சில் ஏறினால் அப்பாவின் பெயர் இந்த ஊரில் ஒரே இடத்தில், தான் கட்டியதைத் தானே நம்பாதவர் என்ற அந்த ஒரு குறிப்பில்தான் இருக்கும். ஆகவே இன்று காலை ஜெபராஜுக்கும் சேக் மைதீனுக்கும் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். உனக்கும் அதையே எழுதுகிறேன். முதல் குறிப்பு சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவது குறிப்பு தவறு.

சக்ரபாணி